கூண்டுச் சிறுத்தையின் பின்னணியை நீக்கப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மாணவர்களைத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றபோது கைப்பேசியில் ஒரு சிறுத்தையைப் படம்பிடித்தேன். முன்னால் கம்பிவலையும் பின்னால் சீமெந்துச் சுவரும் நீல வாளியொன்றும் தெரிகின்றன. பாடசாலை வாசிகசாலையில் 12 x 18 அங்குல அளவில் மாட்ட விரும்புகிறேன். ஸ்ரூடியோ ஒன்றில் பின்னணியை நீக்கி வில்பத்துக் காட்டைப் போட்டுத் தர 4,500 ரூபாவை முற்பணமாகவே கேட்கிறார்கள். அதைக் கொடுப்பதா, மாதக் கட்டணத்தில் மென்பொருள் வாங்குவதா? (ஓர் ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கூகுளின் ஸ்னாப்சீட் செயலியை இலவசமாக இறக்கி, அதிலுள்ள ஹீலிங் கருவியைத் தெரிவுசெய்து வாளியின் மேல் விரலை ஓட்டினால், பக்கத்துச் சுவரின் நிறமும் சொரசொரப்பும் அந்த இடத்தை நிரப்பிவிடும். சுவரை நீக்க வேண்டியதே இல்லை. அதைச் சற்று இருட்டாக்கினால் கண் தானாகச் சிறுத்தையிடம் போய்விடும். கணினி இருந்தால் ஜிம்ப் மென்பொருளும் இலவசமே. ஒரேயொரு படத்துக்காகச் சந்தா கட்டுவது வீண் செலவு. மாதந்தோறும் அறவிடப்படும் ஓராண்டுத் திட்டமாயின், இடையில் நிறுத்துவதற்கும் கட்டணம் கேட்கப்படலாம்.

கம்பிவலைதான் சிக்கல். உடம்பின் குறுக்கே போகும் கம்பியை அருகிலுள்ள ரோமத்தைக் கொண்டு மூடலாம். கண்ணின் மேல் போயிருந்தால், கமரா காணாததை மென்பொருள் ஊகித்துத்தான் வரையும். அது நீங்கள் கண்ட சிறுத்தையின் கண்ணாக இராது. அடுத்த முறை, தடுப்பு வேலியைத் தாண்டாமல் இயன்றவரை நெருங்கி, விலங்கு கம்பியை விட்டுப் பின்னே போகும்வரை காத்திருந்து, நிழல் விழுந்த பகுதியினூடாக எடுத்தால் கம்பி பெருமளவு மங்கிவிடும்.

காட்டைப் போடுவதை நான் ஏற்கவில்லை. சீமெந்தில் ஊன்றிய பாதங்கள் புல்லின் மேல் மிதக்கும். மீசை மயிர்கள் வெட்டுப்பட்டு, கத்தரித்து ஒட்டிய கடதாசிபோல முகம் தெரியும். அதைவிட முக்கியமானது, சிறுத்தை நம் வன்னிக் காடுகளிலும் வாழும் விலங்கு என்பதால், கூண்டில் எடுத்த படத்தைக் காட்டில் எடுத்ததாகவே பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்ற முடிவினால் 2010இல் நீக்கப்பட்டது. தெஹிவளையில் எடுத்தது என்று படத்தின் கீழ் எழுதியே மாட்டுங்கள்.

கம்பியை மட்டும் நீக்க ஸ்ரூடியோவை நாடுவதாயின், முழுத் தொகையையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். கணினித் திரையில் படத்தை முழு அளவுக்குப் பெருப்பித்து, மீசையையும் காது விளிம்பையும் பார்த்தபின் மிகுதியைக் கொடுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும் என்பதால், மூலக் கோப்பையே பென்ட்ரைவில் கொடுங்கள். சுவரில் மாட்டும் 12 x 18 அங்குலப் படத்துக்கு, வெட்டியெடுத்த பின்னரும் ஏறத்தாழ 2400 x 3600 பிக்சல் எஞ்சியிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் 8 x 12 அங்குலத்தில் அச்சிடுங்கள்.