அமெரிக்காவில் மருத்துவம் படிக்க: தன்னார்வப் பணியா, ஷேடோயிங்கா?

ஷேடோயிங் என்றால் டாக்டரின் பின்னால் நிழல்போல நின்று அவர் வேலையைப் பார்ப்பது. சிகிச்சையில் கை வைக்கக்கூடாது. மருத்துவமனைத் தன்னார்வப் பணியில் சக்கர நாற்காலி தள்ளுவீர்கள், குளிரில் நடுங்கும் பாட்டிக்குப் போர்வை கொண்டுவந்து கொடுப்பீர்கள். அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பதும், பந்தியில் பரிமாறுவதும்போல. முதலாவதில் டாக்டர் வேலை எப்படியென்று தெரியும். இரண்டாவதில், நோயாளிகளோடு இருக்க உங்களுக்கு மனம் ஒப்புகிறதா என்று தெரியும். அங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஏ.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பத்தில் இரண்டும் தனித்தனி வகைகள். மொத்தம் 15 அனுபவங்கள் வரை எழுதலாம்.

நேரம் குறைவா? விடுமுறையில் சில நாட்கள் ஷேடோயிங் போங்கள். தன்னார்வப் பணியை வாரம் ஒரு மாலையாவது விடாமல் செய்யுங்கள். அங்கேதான் மனிதர்கள் பழகுவார்கள்.

ஷேடோயிங் மணிக்கணக்கு ஏற ஏற இடம் உறுதி என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, நேர்முகத் தேர்வில் நீங்கள் என்ன கவனித்தீர்கள் என்று கேட்டால் மணிக்கணக்கு பதில் சொல்லாது.