மிச்ச நாலும் எங்கே?

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். நண்பர்கள் நாலு பேராகச் சேர்ந்து, முத்துத் தாண்டவரின் ‘தெருவில் வாரானோ’ பதத்தை, அபிநயம் பிடித்து ஆடும் அந்தப் பாட்டை வைத்து 9 நிமிஷப் படம் ஒன்று எடுத்திருக்கிறோம். ஆட்டம், பாட்டு, நாடகம் மூன்றும் கலந்தது. நாயகியாக நானே ஆடியிருக்கிறேன். மூன்று விழாக்களுக்கு அனுப்பினோம். ஒன்றில் ‘இது நடனக் காணொளி, குறும்படம் இல்லை’ என்றார்கள். இன்னொன்றில் ‘ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, கதை நகரவில்லை, 5 நிமிஷமாகக் குறையுங்கள்’ என்றார்கள். மூன்றாவதில் பதிலே இல்லை. முதலில் முழுப் பதத்தையும் ஒரே டேக்காக 14 நிமிஷம் எடுத்து, அதைப் பார்த்துத்தான் ஷாட் பிரித்தோம். இப்போது எடிட்டரும் இன்னும் குறைக்கலாம் என்கிறார். இந்த மாதிரிப் படங்களை என்ன பெயரில் அழைப்பது? எங்களிடம் நல்ல கேமரா இல்லை, அது குறையாகத் தெரிகிறதா? வசனம் சேர்க்கலாமா? 5 நிமிஷமாக்கலாமா? படத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் தடவை ராத்திரி, மறுபடி விடிந்ததும். பதில் போடாத கடிதங்கள் நிறைய இருக்கின்றன. உங்களுடையதை முன்னால் எடுக்கக் காரணம், ஒரு மாசமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் மேலேயே நீங்கள் கை வைத்துவிட்டீர்கள்.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆட்டமும் பாட்டும் கதையும் சேர்ந்ததற்குக் கூத்து என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல நூறு வருஷம் ஓட்டியவர்கள் நாம். விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் இருக்கிறதோ அதில் டிக் போடுங்கள். கேமரா போதும். வசனம் வேண்டாம்.

சரி, குறைக்கலாமா என்ற கேள்வி. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஏற்கெனவே குறைத்துவிட்டீர்களே! 14 நிமிஷம் ஆடியதை 9 ஆக்கினீர்கள். அந்த 5 நிமிஷத்தில் எது போனது என்று உட்கார்ந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். திரும்பத் திரும்ப வருகிறது என்று அவர்கள் சொன்ன பல்லவி இரண்டே தடவைதான் வருகிறது. ‘தெருவில் வாரானோ, என்னைச் சற்றே திரும்பிப் பாரானோ’ என்று பாடகி பாடுகிறார், நீங்கள் ஜன்னலுக்கு வருகிறீர்கள். இரண்டாவது தடவை பாடுகிறார், உங்கள் கண் க்ளோசப்பில் வருகிறது. உடனே தெருமுனை, ஜிப்பா போட்ட ஒரு பையன் நடந்து வருகிறான். கடைசியில் அவன் திரும்பி, உங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான்.

என்னம்மா இது? திரும்பிப் பாரானோ என்று ஒருத்தி ஏங்கும் பாட்டில் அவன் திரும்பிப் பார்த்துவிட்டால் அப்புறம் பாட்டு எதற்கு? அந்தப் பையன் ஏன் வந்தான் தெரியுமா? வரி திரும்பி வருவதை வெட்டிவிட்டீர்கள். வெட்டிய இடம் காலியாக இருந்தது. காலி இடத்தில் ‘கதை’ வேண்டியிருந்தது. ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். ஆனால் கதை நீங்கள் வெட்டி எறிந்ததில்தான் இருந்தது.

அந்த வரியில் வரும் தெரு எந்தத் தெரு என்று யோசித்தீர்களா? சீர்காழிக்காரர் முத்துத் தாண்டவர் பாடியது தில்லை நடராஜரை. மற்ற கோயில்களில் உற்சவர்தான் வெளியே வருவார், மூலவர் கருவறையை விட்டு அசையமாட்டார். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே தேரேறி வீதிக்கு வருகிறார். வருஷத்தில் இரண்டே தடவை. வீட்டு வாசலில் நிற்கிறவளுக்குத் தேர் கடந்துபோகிற நேரம்தான் கிடைக்கும். அதற்குள் அவன் முகம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அதனால்தான் அவள் ‘சற்றே’ என்கிறாள். அந்த ஒரு சொல் உங்கள் படத்தில் இல்லை. பாட்டில் கேட்கிறது, உடம்பில் இல்லை.

அந்தச் சொல்லை நான் உடம்பில் பார்த்திருக்கிறேன்.

வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்து ஊர் எங்களுடையது. அடுத்த தெருவில் ஒரு அத்தை இருந்தாள். உறவில்லை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அத்தை. 1947-ல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்து சட்டம் வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயசு. சட்டம் வந்தது நல்லதற்குத்தான் என்று அவளே சொல்வாள். சலங்கையை மட்டும் டிரங்குப் பெட்டியில் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். தை மாசம். அம்மா கொடுத்தனுப்பிய மோர்ச் செம்போடு போனேன். அத்தை திண்ணையில் முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தன்பாட்டுக்குக் கமாஸ் ராகத்தில் இந்த வரியை முனகிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. எனக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியதோ என்னவோ.

முதல் தடவை பாடும்போது தெருக்கோடியைப் பார்த்தாள். கை பாட்டுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை கை நின்றது. காதோரத்து முடியை ஒதுக்க விரல் மேலே போனது, தொடாமலே கீழே இறங்கியது. மூன்றாம் தடவை பார்வை தெருவிலிருந்து வாசலுக்கு வந்தது. காலையில் போட்ட கோலம் மிதிபட்டுக் கலைந்திருந்தது. அவன் திரும்பினால் இதையல்லவா பார்ப்பான்? திரும்ப வேண்டும் என்று கேட்டவளுக்குத் திரும்பிவிடுவானோ என்று பயம் வந்துவிட்டது. நாலாம் தடவை, ‘சற்றே’. கட்டைவிரல் நகத்தைச் சுட்டுவிரல் நுனியில் வைத்து ஒரு கடுகளவு காட்டினாள். காட்டிய அளவை அவளே பார்த்தாள். ஜாஸ்தியாகக் கேட்டுவிட்டோமோ என்று இன்னும் கொஞ்சம் குறைத்தாள். ஐந்தாம் தடவை இரண்டு உள்ளங்கையும் கதவு மாதிரி மெல்ல வந்து மூடின. முழுக்க மூடவில்லை, நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு கண்.

ஒரே வரிதான், ஐந்து தடவை. ஆள் எழுந்திருக்கவில்லை. மடியில் முறம் அப்படியே இருந்தது.

‘கதை நகரவில்லை’ என்று எழுதியவரை அந்தத் திண்ணையில் உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும். முதல் தடவை காத்திருந்தவளும் ஐந்தாவது தடவை கதவை மூடியவளும் ஒரே ஆளா? நடுவில் எத்தனை நடந்துவிட்டது! நம் பதங்களில் நாடகம் நடப்பது வரிக்கும் வரிக்கும் நடுவில் இல்லை. அதே வரி மறுபடி வரும்போது, அதற்குள் நடக்கிறது. ஒரே வரிக்கு வேறு வேறு பாவம் காட்டி விரிப்பதைச் சஞ்சாரி என்று உங்கள் மாணவிகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறீர்கள் இல்லையா? வகுப்பில் உங்களுக்குத் தெரிந்தது எடிட்டிங் மேஜைக்கு வந்ததும் எப்படி மறந்துபோனது? எடிட்டரைக் குறை சொல்லமாட்டேன். அவர் காதுக்கு அது சொன்னதையே சொல்வதாகத்தான் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து ‘இது வேற, அது வேற’ என்று சொல்லவேண்டிய ஆள் நீங்கள்.

வெட்டே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மாயா டெரன் 1945-ல் மூன்று நிமிஷம்கூட நிறையாத ஒரு மௌனப் படம் எடுத்தார். நடனக் கலைஞர் டாலி பீட்டி காட்டுக்குள் காலை உயர்த்துகிறார், அந்தக் கால் இறங்குவது ஒரு வீட்டின் அறைக்குள். அங்கே வெட்டே ஒரு அடவு, ஆட்டத்தின் ஒரு அசைவு. கனடாவில் நார்மன் மெக்லாரன் 1968-ல் எடுத்த ‘பா த தூ’ 13 நிமிஷம். கறுப்புப் பின்னணியில் இரண்டு பாலே கலைஞர்கள், வெள்ளைக் கோடாக உடம்பின் ஓரம் மட்டும் தெரியும். ஒரே அசைவை ஃபிலிமில் மறுபடி மறுபடி, பதினொரு தடவை வரைக்கும் பதிய வைத்திருப்பார். அவள் கையை நீட்டினால், நீட்டுவதற்கு முந்தைய கைகளும் விசிறிபோல அங்கேயே நிற்கும். அவர் நம் பதம் எதையும் கேட்டிருக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு அசைவு திரும்ப வரும்போது அது பழைய அசைவு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள உங்களுக்கு நிறைய இருக்கிறது.

பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ரே எடுத்த ‘பாலா’வைப் பார்த்திருப்பீர்கள். 1976, 33 நிமிஷம். ரே 1935-ல், பதினாலு வயசுப் பையனாகக் கல்கத்தாவில் பாலசரஸ்வதி ஆடியதைப் பார்த்தவர். படம் எடுக்கும்போது பாலாவுக்கு 58 வயசு. கடற்கரையில், கண்ணனைச் சீக்கிரம் வா என்று கூப்பிடும் ‘கிருஷ்ணா நீ பேகனே’ ஆடும் இடத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது, கண் அங்கேயே போகிறது. கூப்பிட்டால் வராத பிள்ளையைப் பார்ப்பதா, தலைப்பைப் பார்ப்பதா? நான் சொல்வது கடைசியில் வரும் வர்ணம், பரதத்தில் நீளமாக ஆடும் உருப்படி. பத்து நிமிஷத்துக்குக் குறையாது. கேமரா அடக்கமாக நிற்கிறது, பாலா தன் வேலையைச் செய்கிறார். அந்தக் காலத்தில் ஆயிரம் அடி ஃபிலிம் சுருள் ஓடுவதே சுமார் 11 நிமிஷம், ஒவ்வொரு அடிக்கும் காசு. 33 நிமிஷப் படத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஒரே உருப்படிக்குக் கொடுத்தார். உங்களுக்கு மெமரி கார்டில் இடத்துக்குப் பஞ்சமா?

பாலாவின் பாட்டி வீணை தனம்மாள் 1932-ல் கிராமபோனுக்கு வாசித்தார். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஆற அமர வாசித்தவர், தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சத்தில் அடங்க வேண்டியிருந்தது. அது இயந்திரம் போட்ட கட்டாயம். அவர் என்ன செய்வார்? உங்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்? யாரோ ஒரு விழாக்காரர் 5 நிமிஷம் என்றார், அவ்வளவுதானே!

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 1991-ல் அத்தையைப் படம் பிடிக்க ஒரு குழுவை நான்தான் கூட்டிப்போனேன். பழைய கலைஞர்களைப் பற்றிய தொடர் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு 71 வயசு. காலையிலிருந்து விளக்குப் போட்டு, ஒயர் இழுத்து, தெருவே கூடிவிட்டது. டிரங்குப் பெட்டியைத் திறந்து சலங்கையை எடுத்துக் காட்டினாள், கட்டிக்கொள்ளவில்லை. நான் கேட்டதால் அந்த வரியைத் திண்ணையில் உட்கார்ந்தே செய்தாள். ஐந்து தடவையும் செய்தாள். நாலாவதில் விரல் நடுங்கியது, அந்தக் கடுகளவு இன்னும் சின்னதாகத் தெரிந்தது. கேமராக்காரப் பையன் ‘கட்’ சொல்ல மறந்து நின்றதை நான் பார்த்தேன்.

ஒளிபரப்பான அன்றைக்கு எதிர்வீட்டில் டிவி முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அத்தை வந்தது ஒரு நிமிஷம் இருக்கும். சலங்கை வந்தது. அப்புறம் ஐந்தாவது மட்டும் வந்தது, கை இரண்டும் மூடுவது. அதற்கு மேல் யாரோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“மிச்ச நாலும் எங்கடா?”

எனக்குப் பதில் வரவில்லை. “எடுத்த எடுப்பிலே கதவைச் சாத்தினா அவளைக் கோவக்காரின்னுல்ல நெனைப்பாங்க” என்றாள். தன்னைக் குறைவாகக் காட்டினார்கள் என்ற வருத்தம் அவளிடம் இல்லை. அந்தப் பெண்ணை, பாட்டில் வருகிறவளை, தப்பாகக் காட்டிவிட்டார்களே என்றுதான் தவித்தாள். மறுநாளும் அதையே சொன்னாள். நான் அந்தக் குழுவுக்கு ஃபோன் செய்து, எடுத்த டேப்பையாவது கொடுங்கள் என்று கேட்டேன். அதன் மேலேயே வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டோம் என்றார்கள். அடுத்த வருஷம் ஐப்பசியில் அத்தை போய்விட்டாள்.

உங்கள் 9 நிமிஷப் படம் மோசமில்லை. ஜன்னல் கம்பியை நீங்கள் பிடித்திருக்கும் பிடியில், விரல்களில் ஒரு நிஜம் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த கை என்று தெரிகிறது. விழாவைப் பற்றி இப்போதைக்கு நினைக்காதீர்கள். அந்தப் பையனை எடுத்துவிடுங்கள், தெருவைக் காலியாக வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எனக்கு வேண்டியது வேறு. ஷாட் பிரிக்கிறதுக்கு முன்னால் முழுப் பதத்தையும் ஒரே டேக்காக எடுத்தோம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 14 நிமிஷம். கார்டில் இன்னும் இருக்கிறதா? இடம் வேண்டும் என்று அழித்துவிடவில்லையே? மின்விசிறிச் சத்தம் கேட்டாலும் சரி, வெளிச்சம் சரியில்லாவிட்டாலும் சரி, நடுவில் யாராவது குறுக்கே போயிருந்தாலும் சரி. இன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.