மெகலோடானும் வெள்ளைச் சுறாவும் – கடிதம்

வணக்கம்.

பழைய நூல்களில், அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடானின் அறிவியல் பெயர் கார்கரோடான் மெகலோடான். உங்கள் கட்டுரையில் ஓடோடஸ் மெகலோடான் என்று இருக்கிறது. பெரும் வெள்ளைச் சுறாவின் பேரினமும் கார்கரோடான்தான். இரண்டின் பல்லிலும் ரம்ப விளிம்பு. அப்படியிருக்க ஏன் பிரித்தார்கள்?

கே.

அன்புள்ள கே.,

அந்த ரம்ப விளிம்பை வைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் லூயி அகாசியும் மெகலோடானைக் கார்கரோடானில் சேர்த்தார். சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பு, பெரும்பாலும் மக்கிவிடும். மிஞ்சுவது அநேகமாகப் பல் மட்டுமே என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் விளிம்பு ஏமாற்றும். பல் கையில் கிடைத்தால் நாக்கைப் பார்த்த பக்கத்தைத் திருப்பி, வேரும் மேற்பகுதியும் சேரும் இடத்தைப் பாருங்கள். மெகலோடானில் அங்கே அம்புமுனை வடிவில் கருத்த பட்டை ஒன்று ஓடும். வெள்ளைச் சுறாவுக்கு அது கிடையாது. பட்டை உதிர்ந்துபோன பல்லென்றால் ரம்பத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மெகலோடானுக்கு நுணுக்கமாக, சீராக இருக்கும், வெள்ளைச் சுறாவுக்குப் பெரிதாக, ஏறுமாறாக இருக்கும். அளவை மட்டும் நம்ப வேண்டாம். மெகலோடான் குட்டியின் பல்லும் சிறியதுதான்.

மெகலோடானின் வம்சம் ஓடோடஸ் ஆப்ளிக்வஸ் என்ற பழைய சுறாவிலிருந்து வருகிறது. அதன் விளிம்பு வழவழப்பு, இருபுறமும் குட்டி முனைகள். பின் வந்த ஆரிகுலேட்டஸ் இனத்தில் ரம்பம் தோன்றியது, முனைகள் இருந்தன. ஆங்கஸ்டிடென்ஸ், சுபுட்டென்சிஸ் வழியாக அவை தேய்ந்து மெகலோடானில் மறைந்தன. ரம்பம் உள்ளவற்றை மட்டும் கார்கரோக்ளிஸ் என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. படிப்படியாக மாறிய ஒரே வரிசையில் எந்த இடத்தில் வெட்டினாலும், மூதாதை ஒரு பேரினத்திலும் வாரிசு வேறொன்றிலும் போய் விழும்.

வெள்ளைச் சுறாவின் கதையே வேறு. அதன் நெருங்கிய உறவு மாக்கோ சுறா. பெரு நாட்டின் பிஸ்கோ பாறைப் படிவத்தில் 222 பற்களும் 45 முதுகெலும்புகளுமாக ஒரு சுறா கிடைத்தது. தாடையில் பற்கள் வரிசை கலையாமல் இருந்தன, புதைபடிவத்தில் இது அபூர்வம். 2012இல் அதற்குக் கார்கரோடான் ஹப்பெல்லி என்று பெயரிட்டார்கள். அதன் ரம்பம் அரைகுறை: வழவழப்பான விளிம்புடைய ஹாஸ்டாலிஸ் என்ற பழைய சுறாவுக்கும் இன்றைய வெள்ளைச் சுறாவுக்கும் இடைப்பட்டது. ஆக, ரம்பம் இரு வம்சங்களில் தனித்தனியாக முளைத்திருக்கிறது.

ஹாஸ்டாலிஸ் பஞ்சாயத்து மட்டும் இன்னும் ஓயவில்லை. ஐசூரஸ், காஸ்மோபாலிட்டோடஸ், கார்கரோடான் என மூன்று பேரினப் பெயர்களில் அதைப் பார்ப்பீர்கள். மூன்றும் ஒரே சுறாதான்.