பழைய கார், புது ரேடியேட்டர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கிளாசிக் கார் வைத்திருக்கிறேன், எஞ்சின் அடிக்கடி சூடேறுகிறது. மூன்று வரிசைக் குழாய்கள் உள்ள ரேடியேட்டரை எடுத்துவிட்டு நான்கு வரிசை போட்டால் சரியாகுமா?

பதில்: எப்போது சூடேறுகிறது என்று கவனித்தீர்களா? சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் பெரும்பாலும் ரேடியேட்டர் மேல் குற்றமில்லை, காற்று போதவில்லை. ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை வழிநடத்தும் கூடு) இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன், ரேடியேட்டர் கோரின் (குழாய்களும் தகடுகளும் சேர்ந்த பகுதி) நடுவே ஒரு வட்டத்துக்கு மட்டும்தான் காற்றை இழுக்கும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். பிளேடு பாதி ஷ்ரவுடுக்குள்ளும் பாதி வெளியேயும் இருப்பது நல்ல அமைப்பு.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது ஏறினால்தான் ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் கீழ் ஹோஸைப் பாருங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. நைந்துபோன ஹோஸ், உள்ளே ஸ்பிரிங்கும் இல்லையென்றால், எஞ்சின் வேகம் ஏறும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் பழையபடி விரிந்துவிடும், அதனால் யார் கண்ணிலும் படாது. ஒருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லி, ஃபேனுக்குத் தள்ளி நின்று பாருங்கள். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் சூடேறும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால், வரிசையைக் கூட்டுவதைவிடக் கோரின் அகலத்தையும் உயரத்தையும் கூட்ட முடியுமா என்று பாருங்கள். பின் வரிசைக்குப் போய்ச் சேரும் காற்று முன் வரிசைகளிலேயே சூடாகிவிட்டது. கோர் தடிக்கத் தடிக்கக் காற்று நுழையவும் திணறும்.

கேள்வி: தாமிரமா, அலுமினியமா?

பதில்: வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரம்தான் கெட்டி. ஆனால் பழைய தாமிர-பித்தளை ரேடியேட்டரில் குழாயும் தகடும் ஈயப் பற்றால் ஒட்டியிருக்கும், அந்தப் பற்று வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது. குழாய்களும் பெரும்பாலும் அரை அங்குல அகலம்தான். அலுமினியத்தில் ஓர் அங்குலக் குழாய் வைக்க முடிகிறது. அதனால் இரண்டு வரிசை அலுமினியம், நான்கு வரிசை தாமிரத்துக்கு ஈடுகொடுக்கும், எடையும் குறைவு.

காரின் அசல் தோற்றம் முக்கியமென்றால் கோரின் இரு முனைகளிலும் உள்ள பழைய டேங்குகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றச் சொல்வேன். எஞ்சினின் சக்தியைக் கூட்டியிருந்தால் அலுமினியம். ஆனால் அதை ரப்பர் மேல்தான் உட்கார வையுங்கள். எர்த் ஒயர் சரியில்லாத வண்டியில் மின்சாரம் கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் திரவம்) வழியாகப் போய் அலுமினியத்தை அரித்துவிடும். சோதிப்பது சுலபம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் எர்த்தைச் சரிபாருங்கள், ரேடியேட்டர் அப்புறம்.

கேள்வி: இப்போது ரேடியேட்டரில் 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி இருக்கிறது. 15 போடலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் பழைய ஈயப் பற்றும் ஹீட்டர் கோரும் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரேடியேட்டர் புதிதானாலும் ஹீட்டர் பழையதுதானே!

கேள்வி: தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் சூடானதும் திறந்து வழிவிடும் வால்வை) கழற்றிவிட்டால்?

பதில்: எஞ்சின் சூடாக நேரமாகும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக்கூடாது என்றுதான் பார்த்துக்கொள்கிறது. பழுதாகித் திறக்காமல் இருந்தால் புதிது போடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஃபோர்ட் மாடல் டி காருக்கு, தண்ணீர் பக்கவாட்டில் ஓடும் குறுக்கோட்ட ரேடியேட்டர் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 1908 முதல் 1927 வரை வந்த அந்தக் காரில், தொடக்கத்தில் வந்த சில வண்டிகள் தவிர, வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலேறி, ரேடியேட்டரில் ஆறிக் கீழிறங்குவதுதான் அதன் சுழற்சி. அதற்குச் செங்குத்தான குழாய்களும் உயரமான கோரும் வேண்டும். தண்ணீர் மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சியே நின்றுவிடும். இந்த வண்டி கொதிக்கிறது என்றால் முதலில் மட்டத்தைப் பாருங்கள், பிறகு உள்ளே படிந்திருக்கும் துருவையும் உப்பையும் சுத்தம் செய்யுங்கள்.