அந்த பிடிஎஃப்பை யாரும் விற்கவில்லை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் இங்கே, இரண்டு பேர் பொள்ளாச்சி. ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (அதன் விதிப் புத்தகம்), அதுவும் அட்டை பிரிந்துவிட்டது. டெலிகிராமில் பிடிஎஃப் வந்திருக்கிறது. கையில்தான் புத்தகம் இருக்கிறதே, இறக்கினால் தப்பில்லை என்கிறான் நண்பன். தப்பென்றால் காசு கொடுத்தே வாங்கிவிடுகிறோம். எங்கே கிடைக்கும்?"

காசு கொடுக்க நீங்கள் தயார். ஆனால் வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. 2009 ஏப்ரலில், இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் பிடிஎஃப் விற்பனையை மொத்தமாக நிறுத்தியது. 2013இல் திரும்ப ஆரம்பித்தபோது வந்தவை பழைய பதிப்புகள். 2014, 2024 பதிப்புகளின் மூன்று முக்கியப் புத்தகங்களை (பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அதில் ஒன்று) அந்த நிறுவனம் பிடிஎஃப்பாக விற்பதே இல்லை. அதனால் இந்த இரண்டு பதிப்புகளின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் பிடிஎஃப் என்று எதைப் பார்த்தாலும், அது யாரோ அனுமதியில்லாமல் உருவாக்கியதுதான். ஜிஎஸ்டி வருவதற்கு முன் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிக்காரரிடம் முதலில் கேட்பது "பில் எங்கே?" என்றுதான். இதற்கும் அதையே கேளுங்கள். பில்லே போட முடியாத சரக்கு இது.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது அந்த ஒரு பிரதியை. இன்னொருவர் அனுமதியில்லாமல் ஏற்றி வைத்த பிரதிக்கு அதனால் உரிமை வந்துவிடாது. நம் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. உங்கள் புத்தகத்தில் நான்கு பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. முழுப் புத்தகத்தையும் டெலிகிராமில் இறக்குவது வேறு விஷயம். அதேபோல், காப்புரிமை எழுதப்பட்ட விதத்துக்குத்தான், ஆடும் முறைக்கு இல்லை. விதிகளை உங்கள் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதி நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் அவ்வளவு கஷ்டம் வேண்டாம். எஸ்ஆர்டி என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் அடிப்படை விதிகள் மொத்தமும் அடங்கிய இலவச பிடிஎஃப், நிறுவனமே தருவது. 2023 ஜனவரியில், லைசென்ஸ் மாற்றம் பற்றி ரசிகர்களோடு பெரிய சண்டை நடந்து முடிந்த கையோடு, 5.1 பதிப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். 2024 விதிகளுக்கான 5.2 பதிப்பு 2025இல் வந்தது. இறக்கலாம், அச்சடிக்கலாம், ஐந்து பேருக்கும் அனுப்பலாம். தமிழிலோ மலையாளத்திலோ மொழிபெயர்த்துக்கூட வெளியிடலாம். உள்ளே கொடுத்திருக்கும் உரிமக் குறிப்பைச் சேர்த்தால் போதும். குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் (போர்வீரன், மந்திரவாதி மாதிரி கதாபாத்திர வகை) ஒரே ஒரு உட்பிரிவுதான், பிஹோல்டர் மாதிரி பேர்பெற்ற அரக்கர்களின் பலத்தைச் சொல்லும் எண்கள் கிடையாது. திண்ணை ஆட்டத்துக்கு இது ஒரு வருஷம் தாங்கும் என்பது என் கணக்கு.

முழுப் புத்தகமே வேண்டும் என்றால் நிறுவனத்தின் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் வாங்கலாம். அங்கே பிடிஎஃப் கிடையாது, லாகின் செய்து படிக்க வேண்டும். உங்களில் ஒருவர் மாஸ்டர் டியர் சந்தா கட்டினால், அவர் வாங்கியதை மற்ற நால்வரும் அதே கேம்பெயினுக்குள் (நீங்கள் சேர்ந்து ஆடும் தொடர் ஆட்டம்) பார்க்கலாம். ஐந்து பேர் பங்கு போட்டால் பரவாயில்லை. ஆனால் உங்கள் பக்கம் மழைக்காலத்தில் நெட் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நிஜ பிடிஎஃப் வேண்டுமா? பழைய பதிப்புகளும் இதுபோன்ற வேறு ஆட்டங்களும் விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி இணையக் கடைக்குப் போங்கள். அங்கே வாங்கினால் பல புத்தகங்களில் பக்கத்தின் அடியில் உங்கள் பெயரும் ஆர்டர் எண்ணும் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த ஃபைலை குரூப்பில் போட்டால் யார் போட்டது என்று தேட வேண்டியதே இல்லை. இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டருக்கு மாறத் தயாரென்றால், பைசோ நிறுவனம் பிடிஎஃப்பை அச்சுப் புத்தகத்தைவிடக் குறைந்த விலைக்கு நேரடியாக விற்கிறது. அதன் விதிகளை ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நேதிஸ் தளத்தில், பைசோவின் சம்மதத்தோடு, சும்மாவே படிக்கலாம். அப்புறம் அயர்ன்ஸ்வார்ன், பேசிக் ஃபேன்டஸி என்ற இரண்டு ஆட்டங்களும் முழுப் புத்தகமாகவே இலவசம். டன்ஜன்ஸ் பெயரை விட்டு வெளியே வர மனமிருந்தால் செலவே இல்லை.

பணம் கட்டும்போது கார்டு ஃபெயிலானால் பதற வேண்டாம். முதல் தடவை எனக்கு மூன்று முறை ஃபெயிலானது. வங்கி ஹெல்ப்லைனில் இருபது நிமிஷம் பாட்டு கேட்டதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் ஆப்பில் "இன்டர்நேஷனல்" சுவிட்ச் ஆஃபில் இருந்தது. 2020 முதல் புதுக் கார்டுகள் அப்படித்தான் வருகின்றன. ஆன் செய்து, வாங்கி முடித்ததும் திரும்ப ஆஃப் செய்துவிடுங்கள். டாலர் விலைக்கு மேல் வங்கி தன் கமிஷனையும் எடுக்கும் என்பதைப் பங்கு பிரிக்கும்போது மறக்காதீர்கள்.

எஸ்ஆர்டியை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் முழுசாக அடிக்கச் சொல்லிவிடாதீர்கள், 5.1 மட்டுமே சுமார் 400 பக்கம். மந்திரங்கள் பகுதியையும் சண்டை விதிகளையும் மட்டும் இருபக்கமாக அடித்து ஸ்பைரல் போடுங்கள். ஆட்டத்தின் நடுவில் எல்லோரும் பிடுங்குவது அந்தப் பக்கங்களைத்தான்.