வீடுகள் நிறைய வந்தால் வாடகை இறங்குமா?

கேள்வி: கட்டுவதெல்லாம் வசதியானவர்களுக்கான அடுக்குமாடிகள். நடுத்தர வருமானக்காரனான எனக்கு அதனால் என்ன பயன்?

பதில்: பயன் உண்டு, சுற்றி வந்து சேரும். புது வீட்டுக்குக் குடிபோகிறவர் பெரும்பாலும் அதே ஊரில் வேறொரு வீட்டில் இருந்தவர்தான். அவர் விட்ட வீட்டுக்கு இன்னொருவர் வருவார், அந்த இன்னொருவரின் வீடு அடுத்தவருக்குக் காலியாகும். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பகுதியில் ஆய்வாளர்கள் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்து இந்தச் சங்கிலியைப் பின்தொடர்ந்தார்கள். நகர மையத்தில் சந்தை விலைக்கு வந்த புது வீடுகள் கிளப்பிய இடமாற்றம், குறைந்த வருமானக்காரர்கள் வாழும் பகுதிகள் வரை சீக்கிரமே போய்ச் சேர்ந்திருந்தது.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். வசதியானவர் ஊரை விட்டுப் போய்விட மாட்டார். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பழைய வீட்டுக்கே இன்னும் கொஞ்சம் கூடுதல் வாடகை தந்து புகுந்துவிடுவார். புதுக் கட்டடத்தின் பளபளப்பு எல்லோர் கண்ணிலும் படுகிறது. கட்டாமல் போன வீடுகளால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவரை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

கேள்வி: எங்கள் தெருவில் பெரிய அடுக்குமாடி வருகிறது. ஏரியாவின் மதிப்பு கூடி எங்கள் வாடகையும் ஏறிவிடாதா?

பதில்: நியாயமான பயம். ஆனால் அமெரிக்க நகரங்களின் குறைந்த வருமானப் பகுதிகளில் எழுந்த பெரிய கட்டடங்களை ஆராய்ந்தபோது, அவற்றின் அருகிலேயே இருந்த வீடுகளின் வாடகை, சற்றுத் தள்ளி இருந்தவற்றோடு ஒப்பிட்டால் சுமார் 6 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: ஏழைகள் குடியிருக்கும் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதாக இருந்தால், அவர்களுக்கு மாற்று வீடு உறுதியாகும் வரை சம்மதிக்காதீர்கள். காலி மனையிலும் பழைய கிடங்கு நின்ற இடத்திலும் கட்டினால் அந்தப் பிரச்சினையே எழாது.

கேள்வி: இத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது புதிதாக எதற்கு?

பதில்: பூட்டிக் கிடக்கும் வீடு வேலை இருக்கும் ஊரில் இருந்தால்தான் உதவும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அயர்லாந்தில் ஆளில்லாத குடியிருப்புகள் நாடெங்கும் நின்றன. அப்புறம் சில ஆண்டுகளிலேயே அதன் தலைநகர் டப்ளினில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். காலி வீட்டுக்கு வரி போடுவதை நான் எதிர்க்கவில்லை, அது மட்டும் போதாது.

கேள்வி: முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசு மானியம் தரலாமே?

பதில்: வீடுகளின் எண்ணிக்கை கூடாத இடத்தில் மானியம் விலையில் ஏறி, விற்பவர் கைக்குப் போய்விடும். அதே பணத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் போட்டுக் கொடுத்தால் வீடு கட்டத் தகுந்த மனைகள் பெருகும்.

கேள்வி: உள்ளாட்சியிடம் நாங்கள் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: ஒரு மனையில் எத்தனை வீடு கட்டலாம் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லுங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில், முன்பைவிட நெருக்கமாகக் கட்ட அனுமதித்தது. அந்த ஆண்டு சுமார் 10,000 ஆக இருந்த புது வீட்டு அனுமதிகள் 2022இல் 21,000ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பங்கு சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் அடுக்குமாடிகளும்தான்.

அடுத்து, வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதி. கார் இல்லாதவரும் அதற்கான செலவை வாடகையில் சுமக்கிறார். அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம் 2021இல் இதை முழுவதுமாக எடுத்துவிட்டது. மூன்றாவது, விதிக்கு உட்பட்ட கட்டடத்துக்குத் தாமதமில்லாத அனுமதி. நிலத்தை வாங்கி வட்டி கட்டிக்கொண்டே காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வீட்டின் விலையில்தான் வந்து சேரும். பலன் உடனே தெரியாது, விதி மாறிக் கட்டி முடிக்கவே சில ஆண்டுகள் பிடிக்கும்.

கேள்வி: மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கும் சந்தையே போதுமா?

பதில்: போதாது. கட்டும் செலவைக்கூடத் தர முடியாதவருக்கு எந்தத் தனியாரும் கட்ட மாட்டார். அங்கே அரசு இறங்க வேண்டும். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா 1920களிலிருந்தே நகராட்சி வீடுகளைக் கட்டி வந்திருக்கிறது, இன்று அந்நகர மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு உதவி பெற்ற வீடுகளிலோ வசிக்கிறார்கள். சிங்கப்பூர் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, 1966இல் நில எடுப்புச் சட்டத்தையும் கொண்டு வந்தது. நிலம் அரசின் கையில் இருந்ததால்தான் அத்தனை வீடுகளை எழுப்ப முடிந்தது. ஆகவே உங்கள் ஊரில் பொது நிலம் ஏலத்துக்கு வந்தால், விற்பதற்கு முன்பே அதில் குறைந்த வாடகை வீடுகள் கட்டச் சொல்லி மனுக் கொடுங்கள்.