பட்டறைப் பதில்கள்: விமானப் பாகம் கடையப் போகலாமா?

கேள்வி: ஐயா, ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் முடித்துவிட்டு, கார் பாகம் செய்யும் கம்பெனியில் வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் குடையும் மெஷின்) ஓட்டுகிறேன். பெங்களூரு பீன்யாவில் விமானப் பாகம் செய்யும் இடத்தில் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கொஞ்சம்தான் கூடுதல். "அதே மெஷின், அதே ஜி-கோடு (மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளை), எதுக்குப் போற?" என்கிறார் சூப்பர்வைசர். போகலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: போங்கள் தம்பி. மெஷின் அதேதான், அதில் உங்கள் சூப்பர்வைசர் சொல்வது சரி. ஆனால் இப்போது நாள் முழுக்க ஒரே ஜாப்பை (மெஷினில் செய்யும் பாகத்தை) ஏற்றி இறக்குகிறீர்கள். அங்கே சில ஜாப் ஷிஃப்ட் மாறியும் மெஷினைவிட்டு இறங்காது. அலுமினியக் கட்டியில் பத்தில் ஒன்பது பங்குகூடச் சுருளாகப் போய்விடும், மெல்லிய சுவர்கள் மட்டும் நிற்கும். ஒரே பக்கமாகக் குடைந்து தள்ளினால், கிளாம்ப்பைத் தளர்த்தியதும் வில்லாக வளைந்துகொள்ளும். உலோகத்துக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் அப்போதுதான் வெளியே வருகிறது. அதனால் கொஞ்சம் குடைந்து, திருப்பிப் போட்டு, மறுபடி கொஞ்சம் குடைய வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

அளவு எடுப்பதிலும் அப்படித்தான். அரை மீட்டர் அலுமினிய ஜாப் ஐந்து டிகிரி சூடேறினாலே ஏறக்குறைய 0.06 மி.மீ. நீளும். டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. இறக்கிய சூட்டோடு ரீடிங் பார்த்து ஓகே போட்டால், சி.எம்.எம். (துல்லியமாக அளவு பார்க்கும் மெஷின்) அறையில் ஆறியதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்புறம் டைட்டானியம். சூட்டை அது எளிதில் கடத்தாது, அத்தனை சூடும் டூல் முனையிலேயே தங்கும். முனை மழுங்கிய டூலை "இன்னும் நாலு ஜாப் தாங்கும்" என்று ஓட்டுகிற பழக்கம் இருந்தால் ஓசூரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில், டெல்டா நிறுவனத்தின் எம்.டி.-88 விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இடது என்ஜினின் விசிறி ஹப் (விசிறி இலைகளைத் தாங்கும் நடுப்பாகம்) உடைந்தது. துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்து ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். அந்த டைட்டானிய ஹப்பைச் செய்தபோது ட்ரில் போட்ட ஒரு துளையின் சுவரில் உலோகத்தின் தன்மையே மாறி இறுகியிருந்தது, விரிசல் அங்கிருந்துதான் வளர்ந்தது என்று விசாரணையில் தெரிந்தது. செய்த இடத்துப் பரிசோதனையிலும் அது சிக்கவில்லை, பிற்பாடு விமான நிறுவனம் பார்த்தபோதும் சிக்கவில்லை.

சேருவதற்கு முன் விமானத் துறைத் தரத்துக்கான ஏ.எஸ்.9100 சான்றிதழ் இருக்கிறதா, ஐந்து அச்சு மெஷினில் (ஐந்து விதமாக நகர்ந்தும் திரும்பியும் குடையும் மெஷின்) பழக விடுவார்களா என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால் சம்பள வித்தியாசத்தை இப்போதைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: விமானப் பாகக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு துளை 0.02 மி.மீ. பெரிதாகிவிட்டது. சொன்னால் வேலை போய்விடுமா?
- வாசகி, கோவை

பதில்: அந்த ஜாப்பில் இனி கை வைக்காதீர்கள் அம்மா. சிவப்பு டேக் கட்டி, தரப்பிரிவில் சொல்லி, என்.சி.ஆர். (அளவு தவறியதைப் பதியும் அறிக்கை) போடச் சொல்லுங்கள். ஏற்பதா, ரீவொர்க்கா, ஸ்கிராப்பா என்பதை டிசைன் தெரிந்தவர்கள் முடிவு செய்வார்கள். சில சமயம் அப்படியே ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு ஜாப்புக்கும் உலோகத்தின் ஹீட் நம்பரிலிருந்து (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) ஓட்டியவர் கையெழுத்துவரை பல வருஷம் பத்திரமாக இருக்கும். இன்று மறைத்தாலும் உங்கள் கையெழுத்து அதில் இருக்கிறது. சொன்னதற்காகத் திட்டு விழலாம், வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னதற்காகவே வேலையைவிட்டு அனுப்புகிற இடமென்றால், நீங்களே வேறு இடம் பார்ப்பது நல்லது.